கொடுவாவுக்கு ஒரு விதி, வராலுக்கு வேறொன்று: பொழுதுபோக்குத் தூண்டிலில் எது மீனைக் காக்கும்?

தூண்டில்காரர்கள் நடுவே நாலு கட்சி உண்டு. பிடித்ததையெல்லாம் விட்டுவிடு என்பது முதல் கட்சி. அளந்து பார்த்து எடு என்பது இரண்டாவது. சினைக்காலத்தில் ராடை (தூண்டில் கோலை)த் தொடாதே என்பது மூன்றாவது. ஆளுக்கு இத்தனை மீன், அதோடு மூட்டை கட்டு என்பது நாலாவது. வெளிநாட்டு வீடியோக்களின் புண்ணியத்தில் இப்போது முதல் கட்சியின் குரல்தான் ஓங்கியிருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் அணை, குளம், காயல், பாறைக்கடல் எல்லாமே ஒருநாள் பைக் பயணத்துக்குள் வந்துவிடும். நாலு தண்ணீருக்கும் ஒரே சட்டம் என்றால் இரண்டு இடத்திலாவது அது வெறும் சடங்காகிவிடும்.

பொழிமுகம்: கொடுவா

ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களான மணக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ராடு தூக்கி வருகிறவர்கள் கண் வைப்பது கொடுவா மேல். இந்த மீன் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். மாற்றம் பெரும்பாலும் 80 முதல் 100 செ.மீ. நீளத்துக்குள் நடக்கும். அதாவது, தோளில் தொங்கவிட்டுப் படம் எடுக்கிற மீட்டர் நீளக் கொடுவா அநேகமாகத் தாய் மீன். நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். சினையும் அதற்கேற்பப் பெருகும். அப்படி ஒன்றை எடுப்பதும் நடுத்தர மீன் ஒன்றை எடுப்பதும் ஒரே கணக்கு ஆகாது.

அதனால் 'இந்த அளவுக்குக் கீழே எடுக்காதே' என்கிற குறைந்தபட்ச அளவு மட்டும் இங்கே போதாது. அது குஞ்சைக் காப்பாற்றி, தாயைக் கழுத்தறுக்கும். கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு, நடுவில் உள்ளது சட்டிக்கு என்ற இடைவெளி அளவுதான் கொடுவாவுக்குச் சரி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனுக்கு 58 செ.மீ.க்குக் கீழும் 120 செ.மீ.க்கு மேலும் எடுக்கக் கூடாது. ஆளிடம் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம்முடைய சின்னக் காயல்களுக்கு அந்த மேல்கோடு ரொம்பத் தாராளம். 60 முதல் 85 வரை வைத்து, நாளுக்கு ஆளுக்கு ஒன்று என்பதே எங்கள் பரிந்துரை. மணக்குடியில் மணல் திட்டு பொழியை அடைத்துக்கொள்ளும் மாதங்களில் உள்ளே மாட்டிக்கொண்ட பெரிய மீனுக்குக் கடலுக்குப் போக வழி கிடையாது. முட்டையிட உப்புத் தண்ணீர் வேண்டும். அந்த நாட்களில் மேல்கோட்டை மீறுவது, பூட்டிய வீட்டுக்குள் திருடுவதற்குச் சமம்.

அளக்க நாலு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, ஒரு முனையை அடைத்தால் போதும். அடைப்பிலிருந்து 60லும் 85லும் அழியாத மையில் கோடு போடுங்கள். வாய் மூடிய மூக்கு அடைப்பில் முட்ட, வால் நுனி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெயிலில் கிடந்த குழாய் சுடும். மீனை வைக்குமுன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியே தீர வேண்டும்.

கோட்டுக்கு வெளியே உள்ளதை விடத்தானே போகிறோம், அந்த மீன் பிழைக்குமா? அங்கேதான் தூண்டில் முள்ளின் சண்டை வருகிறது. உயிருள்ள மடவையோ இறாலோ கோத்துப் போட்டால், ஆங்கில J போல வளைந்த ஜே முள் பல சமயம் தொண்டைக்கோ குடலுக்கோ போய்விடும். சர்க்கிள் முள்ளின் நுனி தண்டைப் பார்த்து உள்ளே வளைந்திருக்கும். அது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். ஆனால் பழக்கதோஷத்தில் மீன் தொட்டதும் சுண்டினால் வெறும் முள்தான் திரும்பி வரும். தங்கூசி (தூண்டில் இழை) இறுகும்வரை பொறுத்து, ராடை மெல்லத் தூக்கி, ரீலைச் சுற்றினால் போதும். இரையைத் தடிமனாகக் கோத்து முள்ளின் வாயை அடைத்துவிடுவது இரண்டாவது தவறு. நுனி பக்கவாட்டில் திருகியிருக்கும் வகையை வாங்குவது மூன்றாவது. அது ஜே முள் போலவே உள்ளே ஏறும். லூர் (செயற்கை இரை) போடுகிறவர்கள் மூன்று கவை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டலாம். முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் செதிலைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டால் இரண்டு விநாடியில் கழலும்.

தொண்டைக்குள் போன முள்ளைத் தோண்டி எடுக்காதீர்கள். தங்கூசியை வாயோரமாக நறுக்கி விடுவது மேல். சாதாரண இரும்பு முள் காலப்போக்கில் துருப்பிடித்து உதிரும். துருப்பிடிக்காத எஃகு முள் அப்படியே கிடக்கும், விடுகிற மீனுக்கு அதை வாங்கவே வேண்டாம்.

மெல்லிய தங்கூசியில் அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டுவது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவ்வளவு நேரம் திமிறிய மீன், விட்ட பிறகு நீந்திப் போனாலும் பிறகு சாகலாம். மதிய வெயிலில் இது இன்னும் மோசம்: 20 பாகை நன்னீரில் லிட்டருக்கு 9 மி.கி.க்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். உப்பு ஏறினால் அதுவும் குறையும். விடுவதாக இருந்தால் கனமான பிரெய்டு (பின்னல் இழை), விடியலோ அந்தியோ, ரப்பர் பூசிய வலை, நனைந்த கை. கிரிப்பரில் தாடையை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றுக்கு ஒரு கை கொடுங்கள். மீனைத் தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டுவது தவறு; நீரோட்டத்துக்கு எதிராகத் தலையைக் காட்டி வைத்திருந்தால் அதுவே போகும்.

குளம்: வரால்

வெளியூர்க்காரர் விரால் என்பதைத்தான் சொல்கிறோம். இதற்கு விட்டுவிடும் விதி அழகாகப் பொருந்தும் என்று தோன்றும். காற்றைச் சுவாசிக்கும் மீன், கரையில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் சாகாது. ஆனால் சிக்கல் வேறு இடத்தில். மழைக்குப் பின் செந்நிறக் குஞ்சுகள் பந்து போல மேலே கொப்பளிக்கும். அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். அந்தப் பந்தின் மேல் தவளை வடிவ ஃப்ராக் லூரை எறிந்தால் காவல் மீன் பசியில் இல்லை, கோபத்தில் கடிக்கும். அளந்து, படம் எடுத்து, பத்திரமாக விட்டாலும் அந்தச் சில நிமிடங்களில் சிலேபியும் மற்ற மீன்களும் குஞ்சுகளைத் துடைத்துவிடும். மீன் பிழைத்தது, குடும்பம் போயிற்று. இங்கே உயிரோடு விடுவதால் கிடைக்கும் லாபம் சொற்பம். குஞ்சுப்பந்து தெரிந்தால் அந்தப் பக்கம் வீசாதே என்ற ஒரே விதி மற்ற மூன்றையும் வெல்லும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் தேதி குறித்துத் தடை வைப்பதைவிட கண்ணால் பார்த்து ஒதுங்குவது நம்பகமானது. பந்து இல்லாத நாளில் கிலோ எடை வராலைக் குழம்புக்கு எடுத்தால் குளத்துக்கு ஒன்றும் ஆகாது.

சிலேபியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் ஒருபோதும் திரும்ப விடாதீர்கள். எல்லாவற்றையும் விடு என்கிற கொள்கை வெளிநாட்டு மீனுக்கும் விருந்து வைத்துவிடும். இன்னொன்று, பல குளங்கள் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலத்தில் போனவை. குஞ்சு வாங்கி விட்டவர் ஏலக்காரர். அவரைக் கேட்காமல் வீசுவது திருட்டு. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அறுந்த தங்கூசி பறவைக் காலைச் சுற்றும், ஈயக்குண்டை விழுங்கினால் பறவைக்கு விஷம். அங்கே ராடை எடுக்காமல் இருப்பதே ஒப்பீட்டில் முதல் இடம். மலைப்பக்கம் சரணாலய எல்லைக்குள் கேள்வியே இல்லை.

பாறைக்கடல்: கலவா

முட்டம், குளச்சல் பக்கம் படகில் போய் முப்பது மீட்டர் ஆழத்தில் கலவாவோ விளமீனோ பிடிப்பவர்களுக்கு அளவு விதி பெரும்பாலும் ஏமாற்று. முப்பது மீட்டரில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல நாலு மடங்கு. ஏற்றும்போது காற்றுப்பையின் காற்று நாலு மடங்கு விரியும். வயிறு வாய் வழியே பிதுங்கும், கண் துருத்தும். சின்ன மீன் என்று விட்டாலும் அது மிதந்துகொண்டே கிடக்கும், கடல்காக்கைக்குப் பொறுக்கிக்கொள்ள வசதி. பிதுங்கிய வயிற்றைக் குத்தி ஓட்டை போடுவது உதவியே ஆகாது.

செதில் நசுக்கிய பெரிய முள்ளின் வளைவில் கயிறு, முள்ளின் கண்ணில் (இழை கோக்கும் துளையில்) ஒன்றரை கிலோ எடை கட்டி, மீனின் கீழ் உதட்டில் மாட்டி ஆழத்துக்கு இறக்கி, அங்கே ஒரு சுண்டு சுண்டினால் மீன் கழன்றுகொள்ளும். படகில் இது இல்லையென்றால் விடும் விதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கலவா கொடுவாவுக்கு நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கி, பெரிதானபின் ஆணாகும். பெரியதையே குறிவைத்தால் ஆண் மீன் பஞ்சம் வரும். ஆழத்தில் எது கடிக்கும் என்று தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் இங்கே எண்ணிக்கை விதிக்கே என் ஓட்டு: ஆளுக்கு இரண்டு, பிறகு முள்ளை ஏற்றிவிட்டு மேல்தண்ணீரில் பாரைக்கு லூர் இழுக்கலாம்.

தடைக்காலம்

விசைப்படகுத் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் முதல் கணக்கில், குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் இரண்டாவதில். கரையில் நின்று வீசுகிறவரை அது கட்டுப்படுத்தாது, காயல் மீனின் சினைக்காலத்துக்காக வகுத்ததும் இல்லை. தடைநாளில் வீட்டில் இருந்துவிட்டு, பொழி உடைந்த மறுநாள் அதன் முகப்பில் வரிசை கட்டி நின்று மீட்டர் நீளக் கொடுவாவைத் தூக்குகிறவர் தடையை மதித்தவராக மாட்டார். தூண்டில் மன்றங்கள் நாள் குறிக்க விரும்பினால், பொழி திறந்த முதல் வாரத்தில் கழிமுகத்தின் இருபுறமும் வீசுவதை நிறுத்தலாம். முள் மாட்டிய இடம் வாயோரமா தொண்டையா, நீளம் எவ்வளவு, விட்டபோது நேராக நீந்தியதா என்ற மூன்றையும் ஒவ்வொரு மீனுக்கும் நோட்டில் எழுதி வந்தால், 85 என்ற மேல்கோட்டை இறக்க வேண்டுமா என்பது இரண்டு பருவத்தில் தெரிந்துவிடும்.