ஸ்பெஷல் எடிஷன் கார்: அட்வான்ஸ் கட்டும் முன் அது எங்கே தயாரானது என்று கேளுங்கள்

பண்டிகை நெருங்கினால் ஷோரூம் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒன்று வந்து நிற்கும். "லிமிடெட் எடிஷன் சார், இந்த மாசம் மட்டும்தான், நம்ம கோட்டாவுல ரெண்டு வண்டிதான் பாக்கி" என்பார் சேல்ஸ்மேன். தமிழ்நாட்டில் ஒருவர் அப்படி வாங்கிய காம்பாக்ட் எஸ்யூவியின் கதை இது. டீலரின் பெயர் இங்கே தேவையில்லை. இதே வேலை வேறு வேறு பெயர்ப் பலகைகளுக்குக் கீழே நடக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

புக்கிங் ஃபார்மில் பேனாவால் "ஸ்பெஷல் எடிஷன்" என்று எழுதியிருந்தார்கள். நடுத்தர வேரியன்ட், அதற்கு மேல் 46,000 ரூபாய். டெலிவரி அன்று கைக்கு வந்தவை இரண்டு பில்கள். வாகன பில்லில் நடுத்தர வேரியன்டின் பெயர் மட்டும். எடிஷன் என்ற சொல்லே இல்லை. இரண்டாவது பில்லில் ஒரே வரி: "ஆக்சஸரி கிட், 1 செட், 46,000". பார்ட் நம்பர் கிடையாது, பொருள்வாரி விலையும் கிடையாது. விளம்பரத்தில் 14 பொருட்கள். வண்டியில் இருந்தவை 11. அவற்றிலும் சீட் கவர், மேட், கதவுப்படி லைட், ஸ்டியரிங் கவர் நான்கும் கம்பெனி முத்திரை இல்லாத வெளிமார்க்கெட் சரக்கு. அதே வாரம் அதே ஷோரூமில் சாதாரண வேரியன்ட் வாங்கியவருக்கு 30,000 ரூபாய் ரொக்கக் கழிவு கிடைத்திருக்கிறது. எடிஷனுக்குக் கழிவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஸ்டிக்கரின் உண்மையான விலை 76,000.

முதல் மழைக்குப் பிறகு கதவுப்படி லைட் எரியவில்லை, உள்விளக்கு ஃப்யூஸும் திரும்பத் திரும்பப் போனது. வாரண்டியில் பார்க்கச் சொன்னால், "வெளியில் ஒயரிங் வெட்டப்பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்றார்கள். வெட்டியது அதே டீலரின் ஒர்க்‌ஷாப்.

ஸ்பெஷல் எடிஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. ஒன்று, தொழிற்சாலையிலேயே தனி வேரியன்டாகத் தயாராகி வருவது. டாடாவின் டார்க், ஹூண்டாயின் நைட் போன்றவை இந்த வகை. நிறம், அலாய் வீல், உள்ளே சீட் துணி எல்லாம் அசெம்பிளி லைனிலேயே மாறுகிறது. கம்பெனி விலைப்பட்டியலில் தனி வரி இருக்கும். மற்றொன்று, சாதாரண வேரியன்ட் டீலரிடம் வந்து இறங்கிய பிறகு அங்கே பூட்டப்படும் ஆக்சஸரி தொகுப்பு. 2024 பிப்ரவரியில் மாருதி ஃப்ரான்க்ஸ் டர்போவுக்கு வந்த வெலாசிட்டி எடிஷன் 43,000 ரூபாய் மதிப்புள்ள ஆக்சஸரி தொகுப்பு. அதே ஆண்டு அக்டோபரில் டொயோட்டா ஹைரைடரின் ஃபெஸ்டிவல் எடிஷன் 50,817 ரூபாய் மதிப்புள்ள 13 ஆக்சஸரிகளோடு வந்தது. இந்தக் கம்பெனிகள் இவை ஆக்சஸரிகள்தான் என்று வெளிப்படையாகவே அறிவித்தன. அதில் தவறில்லை. இரண்டாவது வகையை முதல் வகை போலப் பேசி விற்பதுதான் ஏமாற்று. வரி, இன்சூரன்ஸ், வாரண்டி, மறுவிற்பனை எல்லாமே இது எந்த வகை என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

தொழிற்சாலை எடிஷன் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கான ஆயுள் வரி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போல எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்பது இங்கே இல்லை. முழு விலைக்கும் மேல் விகிதம்தான். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. அதன் எடிஷன் 10,12,000 என்றால் வரி 1,82,160. கறுப்பு பெயின்டுக்கு 22,000 கூடுதல் என்று நினைத்தவர் மொத்தம் 75,460 கூடுதலாகக் கட்டுகிறார். 10 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து நம் பெயரில் கட்டும் வருமான வரி) வேறு, 10,120 ரூபாய். இது வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளக் கூடியது. ஆனால் டெலிவரி அன்று கையிலிருந்து போக வேண்டும், ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவர்கள் அதை மறந்தும் விடுகிறார்கள். விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்தால் எடிஷன், சாதாரணம் இரண்டுக்கும் ஆன்ரோடு கொட்டேஷனைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையின் வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

டீலர் கிட் தனி பில் என்பதால் சாலை வரி ஏறாது. அது ஒரு லாபம். அதே காரணத்தால் இன்சூரன்ஸில் அடி விழுகிறது. பாலிசியில் எழுதப்படும் ஐடிவி, அதாவது வண்டி திருடுபோனால் கிடைக்கும் காப்பீட்டு மதிப்பு, கம்பெனி விலைப்பட்டியலில் உள்ள வேரியன்ட் விலையிலிருந்து தேய்மானம் கழித்து வருவது. புது வண்டிக்கே 5 சதவீதம் கழிப்பார்கள். தனி பில்லில் வாங்கிய கிட் அந்தக் கணக்கில் வராது. மின்சாதனம் அல்லாத ஆக்சஸரிகள், மின்சாதன ஆக்சஸரிகள் என்று பாலிசியில் இரண்டு தனிக் கட்டங்கள் இருக்கும். பில்லோடு அங்கே மதிப்பை எழுதச் சொன்னால்தான் திருட்டிலோ, சரிசெய்ய முடியாத அளவு வண்டி சேதமாகும் டோட்டல் லாஸிலோ அந்தப் பணம் வரும். மின்சாதனங்களுக்குப் பொதுவாக மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம். 20,000 ரூபாய் பொருளுக்கு 800 ரூபாயும் ஜிஎஸ்டியும். மேலே சொன்ன வண்டியின் பாலிசியில் இரண்டு கட்டங்களும் பூஜ்யம். ஒரே வரியில் "1 செட்" என்று பில் இருந்தால் எது மின்சாதனம், எது இல்லை என்று பிரிக்கவும் வழியில்லை. இன்னொன்று: எடிஷன் கிட்டில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துத்தான் க்ளெய்ம் தருவார்கள்.

இனி பூட்டும் வேலை. அதிகம் கெடுவதும் இங்கேதான், ஷோரூமில் யாரும் பேசாததும் இதைத்தான்.

கதவுப்படி லைட், ஆம்பியன்ட் லைட், கதவுக்கு அடியில் எரியும் பட்டில் லேம்ப் ஆகியவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சரியான முறை: அந்த மாடலுக்கென வரும் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்) ஏற்கெனவே உள்ள கப்ளருக்கு இடையில் செருகுவது, அல்லது ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து தனி ஃப்யூஸோடு லைன் எடுத்து, நெளிவுக் குழாய்க்குள் விட்டு, ஓட்டையின் ஓரம் ஒயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் குரோமெட் வழியாகக் கொண்டுபோவது. அவசர முறை: உள்விளக்கு ஒயரின் தோலைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது, அல்லது நீல நிற கிளிப்பை வைத்து பிளையரால் நசுக்குவது. அந்தக் கிளிப்பின் தகடு உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் சிலவற்றை அறுத்துவிடும். கதவுப்படி மழைநீரும் ஈரச் செருப்பும் படும் இடம். ஈரம் இறங்கி இழைகள் பச்சை பிடிக்கும், மின்தடை ஏறும், இணைப்பு சூடாகும். டேப் நெகிழ்ந்து ஒயர் பாடியைத் தொட்டால் ஃப்யூஸ் போகும். அந்த வண்டியில் கதவுப்படி பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு நீலக் கிளிப்புகள், ஒன்றின் வாயில் பச்சைத் தூள். அதே பிளாஸ்டிக்குக்கு அடியில்தான் பின்பக்கம் போகும் முக்கிய ஒயரிங் கட்டும் ஓடுகிறது. அங்கே ஸ்க்ரூ ஏற்றுவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்கக் கூடாது.

சீட் கவர் இதைவிட ஆபத்தானது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது முன்சீட்டின் கதவுப் பக்க ஓரத்திலிருந்து கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்கென அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ள கவர்தான் போடலாம். அந்த வேரியன்டுக்கு என்று கம்பெனி தரும் கவரில் அது இருக்கும். வெளிமார்க்கெட்டின் தடித்த ரெக்சின் கவர் இறுக்கிக் கட்டினால் ஏர்பேக் வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் விரியாது. இதில் சமரசமே கூடாது. ஏர்பேக் உள்ள வேரியன்டுக்கு ஏற்ற கவர் என்று பார்ட் நம்பரோடு காட்ட முடியாவிட்டால் கழற்றச் சொல்லுங்கள். கவர் மாட்டும்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரை இழுத்துவிடுவதும் உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் டெலிவரி எடுக்காதீர்கள்.

மேட் விஷயம் சின்னது, ஆனாலும் பாருங்கள்: பழைய மேட்டின் மேல் புது மேட்டைப் போட்டால் அது நகர்ந்து ஆக்ஸிலேட்டர் பெடலுக்கு அடியில் போகும். ஒரே மேட், தரையில் உள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும்.

பாடி சைடு மோல்டிங், வீல் ஆர்ச் கிளாடிங், ஸ்பாய்லர் எல்லாம் இரட்டைப் பக்க அக்ரிலிக் டேப்பில் நிற்பவை. ஒட்டும் இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய், வாக்ஸ் எல்லாம் போக்கி, அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் தண்ணீர் படாமல் விட்டால்தான் முழுப் பிடிப்பு வரும். டெலிவரி நாள் காலையில் ஒட்டி, மதியம் பிரஷர் வாஷ் அடித்து, மாலையில் மாலை போட்டுச் சாவி கொடுத்தால் ஓரங்கள் எழும்பத்தான் செய்யும். எழும்பியதைச் சரிசெய்கிறேன் என்று ஒர்க்‌ஷாப்பில் ஸ்க்ரூ அடிப்பார்கள். தகட்டில் போட்ட ஓட்டையின் ஓரத்துக்கு பிரைமர் பூசாததால் அங்கிருந்து துரு கிளம்பும். கிட் வேண்டும் என்றால் டெலிவரிக்கு மூன்று நாள் முன்பே பூட்டச் சொல்லிக் கேளுங்கள். பம்பருக்கு முன்னால் இரும்பு கார்டு "ஃப்ரீ" என்று வந்தால் மறுத்துவிடுங்கள். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதற்குத் தடை சொல்லிவிட்டது. மோதலின் போது நடந்து போகிறவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து.

தொழிற்சாலை எடிஷனிலும் பராமரிப்புச் செலவு உண்டு. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்டை பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். சின்னக் கீறலுக்கும் முழு பேனலையும் அடிக்க வேண்டிவரும். உள்ளே பியானோ பிளாக் என்ற பளபளப்புக் கறுப்பு பிளாஸ்டிக்கை வெறும் துணியால் துடைத்தாலே கோடு விழும். பெரிய ஸ்டிக்கர்கள் ஒட்டிய வண்டியில் சில வருஷம் கழித்து அவற்றை உரித்தால், அடியில் வெயில் படாத பெயின்ட் வேறு நிறத்தில் தெரியும்.

மறுவிற்பனையில் கூடுதல் விலை கிடைக்கும் என்பது சேல்ஸ்மேனின் பேச்சு. பழைய கார் வாங்குபவர் பார்ப்பது வருஷம், வேரியன்ட், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு. டீலர் கிட் ஆர்சியில் ஏறாது. அதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. எண்ணிக்கை சொல்லி விற்ற வண்டிகள் வேறு ரகம். 2019-ல் பழைய தலைமுறை தாரை நிறுத்தும்போது மஹிந்திரா கடைசி 700 வண்டிகளை தார் 700 என்று விற்றது. 2020-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்தது. எத்தனை என்று கம்பெனியே எழுத்தில் சொல்லாத "லிமிடெட்" எடிஷனுக்கு அபூர்வம் என்ற மதிப்பு கிடையாது. 2019 ஆகஸ்டில் ஹாரியரில் தொடங்கிய டார்க், பிறகு டாடாவின் பல மாடல்களில் வழக்கமான வரிசையாகவே ஆகிவிட்டது. நல்ல வண்டிதான்; கறுப்பு பிடித்து வாங்கினால் தவறே இல்லை. அபூர்வம் என்று நினைத்து வாங்கக் கூடாது.

சரி, வாங்கலாமா? தொழிற்சாலை எடிஷன், நீங்கள் எப்படியும் வாங்கப்போகும் வேரியன்டின் மேல் வருகிறது, சாலை வரி எல்லையைத் தாண்டவில்லை, நிறம் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். ஆறு ஏர்பேக், ரியர் டிஸ்க் பிரேக் போன்றவை உள்ள மேல் வேரியன்டுக்கு இன்னும் 30,000, 40,000தான் வித்தியாசம் என்றால் எடிஷனை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். பிறகு எந்தக் கடையிலும் அவற்றைப் பூட்ட முடியாது. டீலர் கிட் என்றால் சேல்ஸ் மேனேஜரிடம் ஒரே கேள்வி: "கிட் வேண்டாம், அந்த மதிப்பில் எவ்வளவு ரொக்கக் கழிவாகத் தருவீர்கள்?" 45,000 மதிப்பு என்று சொன்ன கிட்டுக்கு அவர் 15,000 கழிவு தர முன்வந்தால், அவர் கணக்கில் அது எவ்வளவு பெறும் என்பது தெரிந்துவிடும். கிட் தொகையை லோனில் சேர்க்கவும் வேண்டாம். 46,000 ரூபாய் 9.5 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்குப் போனால் திருப்பிக் கட்டுவது சுமார் 63,000. மேட்டும் சீட் கவரும் அதற்குள் தேய்ந்து போயிருக்கும்.

அட்வான்ஸுக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: வாகன பில்லில் வரப்போகும் வேரியன்டின் முழுப் பெயர், கிட்டின் ஒவ்வொரு பொருளுக்கும் பார்ட் நம்பர், விலை, வாரண்டிக் காலம், "ஒர்க்‌ஷாப்பில் பூட்டியதால் வாகன வாரண்டி பாதிக்கப்படாது" என்ற ஒரு வரி. வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். பண்டிகை எடிஷன் பெயரில் தேங்கிக் கிடந்த வண்டியைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது, அதனால் வண்டியோடு கம்பெனி தரும் சான்றிதழான ஃபார்ம் 22-ல் தயாரிப்பு மாதம், வருஷத்தைப் பாருங்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் பணம் போகும் முன் வண்டியை நேரில் பார்த்து, பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பதிவு ஆன பிறகு குறை சொன்னால், "வரும் சார், ஸ்டாக் இல்லை" என்பதுதான் பதில்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் முதலில் டீலருக்கும் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள், 15 நாள் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கிட் வாங்கினால்தான் வண்டி என்று கட்டாயப்படுத்தியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே தனியாகப் புகார் செய்யத்தக்கது. புக்கிங் ஃபார்மின் நகல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், இரண்டு பில்கள், கதவுப்படியைத் தூக்கி எடுத்த ஒயரிங் போட்டோ இவற்றை இணையுங்கள். போட்டோ எடுக்கும் முன் யாரையும் அந்த ஒயரில் கைவைக்க விடாதீர்கள்.