உம் கொட்டுவதா, ஓட்டுப் போடுவதா?

சம்பளம் கொடுக்காத இடத்தில் உத்தரவு செல்லாது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளில் இன்னொரு வசதியும் உண்டு: முடிவு பிடிக்காதவர் நிரலை நகலெடுத்துக்கொண்டு தனிக்கடை போட்டுவிடலாம். அதனால்தான் தன்னார்வக் குழுக்கள் ஒருமித்த கருத்துக்காக இவ்வளவு மெனக்கெடுகின்றன. ஆனால் "எல்லாருக்கும் சம்மதம்" என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் வழி நமக்குப் பழகியதுதான்: மௌனம் சம்மதம். "இதைச் செய்யப் போகிறேன்" என்று ஒருவர் அறிவித்து, 72 மணி நேரமாவது காத்திருக்கிறார். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நேரத்தில் விழித்திருப்பவர்கள் பார்க்க வேண்டுமே! யாரும் மறுக்காவிட்டால் வேலை நடக்கும். பேச வேண்டியிருந்தால் ஆதரவுக்கு +1, நடுநிலைக்கு 0, எதிர்ப்புக்கு -1. சிலர் -0.9 கூடப் போடுவார்கள். பிடிக்கவில்லை, ஆனால் குறுக்கே நிற்கவில்லை என்று அர்த்தம்.

நிரல் மாற்றத்தைத் தடுக்க ஒரே ஒரு -1 போதும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். வெறுமனே "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் செல்லாது. புதிய பதிப்பை வெளியிடும்போதோ அந்தத் தடையுரிமையே கிடையாது. மூன்று +1 இருந்து, எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருந்தால் போதும். ஒருவருடைய பிடிவாதம் மொத்த வெளியீட்டையும் முடக்காது. இந்த விதியை யோசித்தவர்கள் நிச்சயம் நிறையச் சண்டை பார்த்தவர்கள்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் இன்னும் விநோதம். அங்கே உறுப்பினர் பட்டியலே இல்லை, அப்புறம் ஓட்டை எப்படி எண்ணுவது? கதை கேட்கும்போது 'உம்' கொட்டுவோமே, அதுபோல ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தனித்தனியே முனக, எந்தப் பக்கம் சத்தம் பலம் என்று தலைவர் காது கொடுத்துக் கேட்பார். முனகலும் முடிவல்ல, எதிர்ப்புக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பதே கேள்வி. ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும் ஒருமித்த கருத்தாக இருக்கலாம் என்கிறது அவர்களின் 2014 ஆவணம். நல்ல தலைவர் கிடைத்தால் அருமையான முறை. கிடைக்காவிட்டால்?

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் குழு ஓட்டுக்குப் போகிறது. அன்றாட வேலையில் பேசித்தான் தீர்க்கிறார்கள்; முட்டிக்கொண்டால் 1998இல் ஏற்ற அரசியல் சாசனம் இருக்கிறது. ஓட்டுப் போடுபவர்கள் வாய்ப்புகளை விருப்ப வரிசைப்படி அடுக்க, ஒவ்வொரு ஜோடியையும் மோதவிட்டு வென்றதைக் கண்டுபிடிப்பார்கள். கணினி கிளம்பும்போது மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் மென்பொருளாகச் சிஸ்டம்டியை ஏற்பதா என்ற சண்டை அதற்கு வந்த சோதனை. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளந்தது. தலைவரின் கூடுதல் ஓட்டு சிஸ்டம்டிக்கு விழுந்தது. நவம்பரில் எல்லா உறுப்பினருக்கும் பொதுவான ஓட்டெடுப்பு நடந்தது. வென்ற வாய்ப்பு எது தெரியுமா? "இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை" என்பது! அதிருப்தியாளர்கள் டெபியனை நகலெடுத்து, டெவுவான் என்று தனியே போனார்கள். 2019இல் அதே பிரச்சினை மறுபடி ஓட்டுக்கு வந்தது.

ஆக, ஓட்டு சண்டையைத் தீர்க்கவில்லை. ஆனால் சண்டைக்கு நடுவிலும் எண்ணிக்கையில் சந்தேகம் எழவில்லை என்பது சின்ன விஷயமில்லை. மௌனமுறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சும்மா இருப்பவர் ஒப்புக்கொண்டாரா, அலுத்துப்போனாரா என்பது யாருக்கும் தெரியாது.

பத்துப் பேர் சேர்ந்த குழு என்றால் நான் அப்பாச்சி வழியையே சொல்வேன். கூடவே ஓட்டு விதி ஒன்றையும் எல்லாரும் சிரித்துப் பேசும் காலத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். டெபியன் சாசனம் சிஸ்டம்டி சண்டைக்குப் பதினைந்து வருடம் முந்தியது.