முதலில் இறங்குவதா, இரண்டாவதாக இறங்குவதா?

டச்பே கடற்கரையில் பொழுது சாயும் நேரத்தில் நானும் என் மருமகனும் கைபேசியில் ஹார்த்ஸ்டோன் என்ற இருவர் அட்டை விளையாட்டை ஆடுவது வழக்கம். இரண்டாவது முறை தன் பக்கம் விழுந்தாலே அவன் முகம் வாடிவிடும். "முதலில் இறங்குபவர்தானே மாமா வெல்வார்?" என்பான். பாதி உண்மைதான். மற்றப் பாதிக்காகவே இதை எழுதுகிறேன்.

ஹார்த்ஸ்டோனில் முதலாமவருக்கு மூன்று அட்டைகள். இரண்டாமவருக்கு நான்கு அட்டைகளும், ஒரு முறைக்கு மட்டும் ஒரு மானா (அட்டையை இறக்கக் கொடுக்கும் விலை) கூட்டித் தரும் நாணயமும் கிடைக்கும். முறைக்கு ஒன்றாக மானா 10 வரை ஏறும். முதலாமவர் தன் மூன்றாவது முறையை முடிக்கும்போது 6 மானா செலவழித்திருப்பார். எதிரே இருப்பவர் நாணயத்தைத் தொடாவிட்டால் அதுவரை செலவழித்தது 3 மட்டுமே. களத்தில் முந்தி நிற்பவரே எதை அடிப்பது என்று தீர்மானிக்கிறார். ஆகவே விலை குறைந்த அட்டைகளால் விரைந்து அடிக்கும் கட்டு வைத்திருப்பவருக்கு முதல் முறைதான் வேண்டும்.

இரண்டாமவரின் வெற்றியோ அந்த நாணயத்தை எப்போது செலவிடுகிறார் என்பதில் இருக்கிறது. ஒருநாள் மருமகன் கையில் 2, 4, 4, 6 மானா அட்டைகள் இருந்தன. நாணயத்தை முதல் முறையிலேயே போட்டு 2 மானா அட்டையை இறக்கிவிட்டான். பிறகு எடுத்தவை எல்லாம் விலை கூடியவை. இரண்டாம், மூன்றாம் முறைகளில் கைகட்டிக்கொண்டிருந்து, நான்காவதில்தான் ஒரு 4 மானா அட்டையைப் போட்டான். நான்கு முறைகளில் அவன் களத்தில் இறக்கியது 6 மானா. முதல் முறையை வெறுமனே விட்டு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் நாணயத்தோடு ஒரு 4, நான்காவதில் அடுத்த 4 என்று போயிருந்தால் 10 மானா இறங்கியிருக்கும். கையில் இரண்டு 2 மானா அட்டைகள் இருந்திருந்தால் அவன் செய்ததே சரி. ஒரே விலையில் இரண்டு அட்டைகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து, அதற்கு முந்திய முறையில் நாணயத்தைப் போட வேண்டும். ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வகுப்புகளில் ஒன்றான ரோக்கில் ஆடுபவருக்கு இன்னொரு இலாபமும் உண்டு: அதே முறையில் வேறோர் அட்டை முன்பே போடப்பட்டால்தான் முழுப் பலன் தரும் அட்டைகளுக்கு, நாணயமே அந்த முன் அட்டையாகிவிடும்.

போக்கிமான் டி.சி.ஜி. பொக்கெட்டில் கணக்கு வேறு. முதலில் ஆடுபவருக்கு முதல் முறையில், தாக்கத் தேவையான சக்தி கிடைக்காது. ஒரே சக்தியில் தாக்கும் போக்கிமான் இருந்தால் இரண்டாமவரே முந்தி அடிப்பார். ஆனால் தத்தம் முதல் முறையில் இருவராலும் பரிணமிக்கச் செய்ய முடியாது; அடுத்த முறை முந்தி வருவது முதலாமவருக்கே. அதனால் இரண்டு படி வளர வேண்டிய போக்கிமானை நம்பும் கட்டுக்கு முதல் முறையே மேல் என்பது என் எண்ணம்.

யு-கி-ஓ மாஸ்டர் டூவலில் முதலாமவர் முதல் முறையில் அட்டை எடுக்கவும் முடியாது, தாக்கவும் முடியாது. அப்படியிருந்தும் பெரும்பாலான கட்டுகளுக்கு முதலிடமே பலம். எதிராளியைத் தடுக்கும் அட்டைகளை முன்கூட்டியே களத்தில் நிறுத்திவிடலாம். எதிராளியின் முறையில் கையிலிருந்தே போடக்கூடிய அட்டைகள் இல்லாமல் இரண்டாவதாகப் போகாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மார்வெல் ஸ்நாப்பின் ஏற்பாடு. அதன் ஆறு முறைகளிலும் இருவரும் ஒரே நேரத்தில், களத்திலுள்ள இடங்களில் அட்டையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அந்த இடங்களில் வென்று முன்னணியில் இருப்பவரின் அட்டை முதலில் திறக்கும். ஊரில் 304 என்ற நால்வர் கடதாசி ஆட்டம் ஆடியவர்களுக்குப் பிந்துவதன் இலாபம் உடனே பிடிபடும். நான்காவதாகக் கடதாசி போடுபவர் மற்ற மூன்றையும் பார்த்துவிட்டே போடுகிறார் அல்லவா? பலம் கூடிய அட்டைகளை அழிக்கும் ஷாங்-சி முதலில் திறந்தால், எதிராளி அந்த முறையில் வைத்த பெரிய அட்டை தப்பிவிடும். அதனால் ஷாங்-சி கையில் இருக்கும்போது ஐந்தாவது முறையில் முன்னணிக்குப் போகாமல் நான் வேண்டுமென்றே ஓர் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன்.