நீஸ் நகருக்குக் காரில் போகிறவர்கள் கவனத்துக்கு: டயரைக் காட்டி நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள்

ஆகஸ்ட் 15, பிற்பகல் மூன்றரை மணி. நீஸ் விமான நிலையத்தைத் தாண்டிச் சில நிமிடத் தொலைவில், ஆள் நடமாட்டம் நிறைந்த ஒரு தெருவில் என் அக்காவின் கைப்பை பறிபோனது. அக்கா, மாமா இருவருடைய பாஸ்போர்ட்டுகள், 900 யூரோ, இரத்த அழுத்த மாத்திரைகள், எங்கள் அம்மா வைத்திருந்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் எல்லாம் அந்தப் பையில்தான் இருந்தன. யாரும் கத்தியைக் காட்டவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. உதவிக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் சொந்தபந்தங்களிலேயே கோடை விடுமுறைக்குப் பிரான்சின் தெற்குக் கடற்கரைக்குக் காரில் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்காவும் மாமாவும் புதுச்சேரிக்காரர்கள். கடற்கரைச் சாலையில், ஊரே ப்ரொமனாத் என்று சொல்லும் அந்தச் சாலையில், மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்ட பிறகு நடப்பது அக்காவின் நாற்பது ஆண்டுப் பழக்கம். பாரிஸில் என் வீட்டுக்கு வருவதென்று முடிவானதும் அக்கா கேட்டது ஈபில் கோபுரத்தை அல்ல. "நீஸில் இருக்கிற ப்ரொமனாத்தில் ஒரு நாள் நடக்க வேண்டும், தம்பி" என்றுதான் கேட்டார். அந்தச் சாலையின் முழுப் பெயர் ப்ரொமனாத் தேஸ் ஆங்லே, அதாவது ஆங்கிலேயர் உலாச்சாலை. குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயச் செல்வந்தர்கள் 1820களில் தங்கள் பணத்தில் போடத் தொடங்கிய பாதை, இன்று 7 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைகுடாவை ஒட்டி ஓடுகிறது. நீஸ் பிரான்சோடு இணைந்ததே 1860இல்தான்.

பாரிஸிலிருந்து நீஸ் ஏறக்குறைய 930 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். நான்கு பேருக்கு விடுமுறைக் கால டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுக் காரிலேயே போகலாம் என்று முடிவு செய்தவன் நான்தான். சுங்கச்சாவடிகளில் மட்டும் 80 யூரோவுக்கு மேல் போயிற்று. லியோனில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏ7 நெடுஞ்சாலையில் இறங்கி, எக்ஸ் நகருக்கு அருகே ஏ8இல் திரும்பினோம். கான் நகருக்கு முன்னால் ஓர் ஓய்விடத்தில் காப்பி குடிக்க நிறுத்தினோம். நான்கு பேரும் ஒன்றாக இறங்கி ஒன்றாக உள்ளே போனோம். காரில் ஒருவர்கூட இல்லை. இருபது நிமிடம் இருக்கும். எல்லாம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று பின்னால் காவல்துறையினர் சொன்னார்கள்.

எங்கள் வண்டி வெளியூர் வண்டி என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2009 முதல் பிரெஞ்சு எண் பலகையின் வலது ஓரத்து நீலப் பட்டையில் மாவட்ட எண் இருக்கிறது. எங்களுடையது 95. பாரிஸுக்கு வடக்கே உள்ள மாவட்டம். பின் கண்ணாடி வழியாகப் பெட்டிகள் தெரிந்தன, அக்காவின் முறுக்கு டப்பா தெரிந்தது.

ஆன்டீப் நகரைத் தாண்டியதும் டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. 2014க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்த விளக்கு உண்டு. வெயிலில் அழுத்தம் மாறியிருக்கும், நகருக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். மாமா, "வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதே" என்றார். விமான நிலையத்தை ஒட்டி நகருக்குள் நுழைந்து, முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது ஸ்கூட்டரில் வந்த இளைஞர் ஒருவர் என் கண்ணாடியைத் தட்டிப் பின் சக்கரத்தைக் காட்டினார். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மிகுந்த மரியாதை. "ஐயா, இப்படியே ஓட்டினால் விளிம்பு கெட்டுவிடும். வலப்பக்கத் தெருவில் நிறுத்துங்கள், நான் உதவுகிறேன்."

பிரான்சுக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. பாரிஸின் மெட்ரோவில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கத் தெரிந்தவன் நான். ஆனாலும் நிறுத்தினேன். காரணம், அவர் சொன்னதற்கு என் காரின் விளக்கே சாட்சி சொன்னது. டயரில் காற்று இல்லை என்பது பொய்யல்ல. யார் அதை இறக்கினார்கள் என்ற கேள்விதான் எனக்குத் தோன்றவில்லை.

தெருவில் ஒதுங்கியதும் நான் இறங்கினேன். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பூட்டு நான்கு கதவுகளிலும் விடுபட்டுவிடும் என்பது என் காரைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்தி. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பல புதிய கார்களைப் போல என் காரிலும் மாற்றுச் சக்கரம் கிடையாது. ஓட்டையை அடைக்கும் திரவப் புட்டியும் சிறிய காற்றுப் பம்பும்தான் உண்டு. அவர் நடைபாதைப் பக்கம், வலது பின் சக்கரத்தருகே மண்டியிட்டுப் பார்த்தார். "உள்ளே ஆள் இருக்கும்போது வண்டியைத் தூக்குவது ஆபத்து, அம்மாமார்களை இறங்கச் சொல்லுங்கள்" என்றார். என் மனைவி இறங்கினாள். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவும் நகர்ந்து வலப்பக்கக் கதவு வழியாகவே இறங்கினார். பை இருக்கையிலேயே இருந்தது. நான்கு பேரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் கொளுத்தியது. அக்கா தன் தண்ணீர்ப் புட்டியை அந்த இளைஞரிடம் நீட்டி, "குடிங்கள், தம்பி" என்று தமிழில் சொன்னார். அவர் வாங்கிக் குடித்தார். "மெர்சி, மதாம்" என்றார்.

அவர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொருவன் சாலைப் பக்கத்துக் கதவைத் திறந்து பையை எடுத்திருக்கிறான். கதவுச் சத்தம் கேட்டதாக மாமா சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் கைபேசியைப் பார்த்து, அவசர வேலை வந்துவிட்டது என்று வருத்தத்தோடு கை குலுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று நிமிடம் கழித்து, மாத்திரை போட்டுக்கொள்வதற்காக அக்கா பையைத் தேடினார்.

அந்தத் தண்ணீர்ப் புட்டியைப் பற்றித்தான் அக்கா அன்று இரவு முழுவதும் பேசினார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருடுவதற்காக வந்தவன் ஒரு தாய் வயதுள்ளவரின் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அதே கணத்தில் அவரைக் கொள்ளையடிக்க முடியும் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. எனக்குக் கோபம் தணியவில்லை.

இரண்டாவது ஏமாற்று அங்கேயே காத்திருந்தது. அருகில் நின்ற ஒருவர் அனுதாபப்பட்டு, தமக்குத் தெரிந்த இழுவை வண்டிக்காரர் இருப்பதாகச் சொல்லி அழைத்தார். பத்தே நிமிடத்தில் வண்டி வந்தது. ஆகஸ்ட் 15 பிரான்சில் மாதாவின் விண்ணேற்பு விடுமுறை. டயர் கடைகள் மூடியிருந்தன. காரைத் தம் கொட்டகையில் இரவு வைத்திருந்து காலையில் டயர் மாற்றித் தருவதாகச் சொன்னார். விலை கேட்டேன், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். மறுநாள் மூன்று கிலோமீட்டர் இழுத்ததற்கு 290 யூரோ, ஓர் இரவு வைத்திருந்ததற்கு 60 யூரோ, டயர்களுக்குத் தனி. அனைத்தும் ரொக்கமாக. பற்றுச்சீட்டு கேட்டதற்கு முகம் மாறியது, சாவி அவர் கையில் இருந்தது. 25 யூரோவுக்கு மேற்பட்ட சேவைக்குச் சீட்டுக் கொடுப்பது இந்த நாட்டில் கட்டாயம். அதைச் சொல்லியும் கிடைக்கவில்லை. மனைவியின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுத்துத் தொலைத்தேன்.

என் காப்பீட்டில் வழியுதவி சேர்ந்தே இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் அவர்களே இழுவை வண்டி அனுப்பியிருப்பார்கள், எனக்கு ஒரு காசு செலவில்லை. காரின் முன் கண்ணாடியில் ஒட்டும் பச்சைக் காப்பீட்டுச் சீட்டு 2024 ஏப்ரல் முதல் தேவையில்லை என்றானதும் அதைக் கிழித்துப் போட்டிருந்தேன். கண்ணெதிரே இருந்த ஒரே நினைவூட்டலும் அதோடு போய்விட்டது. தயவுசெய்து அந்த உதவி எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கழற்றிய டயரை அந்தக் கொட்டகையில் வேலை செய்த முதியவர் தனியாக அழைத்துக் காட்டினார். பக்கச் சுவரில், தரையைத் தொடாத இடத்தில், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நேரான கீறல். ஆணி குத்தினால் அடிப்பகுதியில்தான் குத்தும். பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் ஒட்டவும் முடியாது, திரவமும் அடைக்காது. ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. கீறல் சிறியதாக இருந்தால் காற்று உடனே போகாது. நெடுஞ்சாலையில் பத்து, இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் இறங்கும். அவர்கள் பின்னாலேயே வந்தால் போதும்.

ஆகவே இதை மட்டும் மறக்காதீர்கள். ஓய்விடத்தில் நிறுத்தினால் ஒருவராவது வண்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது ஜன்னலோரத்தில் வண்டி தெரியும்படி உட்கார வேண்டும். புறப்படுவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பாருங்கள். நிறுத்திவிட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் விளக்கு எரிந்தால், யாராவது சக்கரத்தைக் காட்டினால், கண்ணாடியை இறக்காமல் தலையசைத்துவிட்டு, கதவுகள் பூட்டியபடியே மெதுவாக ஓட்டிப் பெட்ரோல் நிலையத்துக்கோ சுங்கச்சாவடிக்கோ போய்ச் சேருங்கள். விளிம்பு கெட்டால் கெடட்டும். அதற்கு விலை உண்டு, வாங்கிக்கொள்ளலாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, பைகளைத் தோளில் மாட்டி, மற்ற கதவுகளைப் பூட்டிவிட்டு இறங்குங்கள். காவல்துறைக்கு 17, ஐரோப்பா முழுவதற்கும் 112. பாஸ்போர்ட்டுகளை ஒருபோதும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

புகார் கொடுக்கக் காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். காத்திருந்தாலும் கொடுத்துவிடுங்கள், அந்தச் சீட்டில்லாமல் மேற்கொண்டு எதுவும் நகராது. மாமாவின் கைபேசியில் பாஸ்போர்ட் பக்கங்களின் படம் இருந்தது எங்களைக் காப்பாற்றியது. பாரிஸ் திரும்பி இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கினோம். இந்தியாவுக்கு ஒரு முறை திரும்புவதற்கு மட்டும் அது செல்லும். சுவிட்சர்லாந்தில் மாமாவின் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்த பயணம் அத்தோடு நின்றது. திருட்டைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இரண்டு வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தேன். கதவு உடைக்கப்படவில்லை என்பதால் பைக்கு இழப்பீடு இல்லை என்று பதில் வந்தது.

நடுவில் ஒரு நாள் அக்கா ப்ரொமனாத்தில் நடந்தார். காரைத் தொடவில்லை. டிராமில் போனோம். அந்த ஊரில் டிராம் பயணிகளுக்கென்றே பார்க்காஸூர் என்ற கார் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. கானுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது, மொனாக்கோவுக்கு அரை மணிக்கும் குறைவு. காரில் போய் அங்கே இடம் தேடி அலைவதற்கு எந்தத் தேவையும் இல்லை. கரையில் மணல் இல்லை, வழவழப்பான கூழாங்கற்கள். பழைய நகரில் சொக்கா வாங்கிக் கொடுத்தேன், கடலை மாவில் வார்த்த தோசை போன்றது. அக்கா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு நீல நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்தை எடுத்துக்கொண்டு பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவது வழக்கம் என்று காவலர் ஒருவர் சொன்னார். அதை நம்பி, நகராட்சியின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு மாதம் ஒரு முறை அழைக்கிறேன். உள்ளங்கை அளவு வெள்ளிச் சிமிழ். மூடியில் மயில். உள்ளே குங்குமம் இருந்தது.