திருவான்மியூரில் எங்கள் மாடித் தளத்தைப் பெயர்த்து மறுபடி போட்ட அனுபவம்

வேலை சுத்தம், ஆள் நம்பகம். ஆனால் சொன்ன தேதியைத் தாண்டி இழுத்துவிட்டார், ரப்பிஷ் (உடைத்த கழிவு) அள்ளுவதில் ரொம்பவே படுத்தினார். எங்கள் வீட்டு மொட்டை மாடித் தளத்தை மாற்றிக் கொடுத்த மேஸ்திரிக்கு நான் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். அவருக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று வாய்வழியாகவே வேலை வருகிறது. குறைகளையும் சேர்த்து எழுதப்போவதால் இங்கே பெயர் போடவில்லை. தளம் மாற்றப்போகிற வீட்டுக்காரர்கள் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்பதுதான் முக்கியம்.

வீடு 1991ல் அப்பா கட்டியது. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மாடி சுமார் 900 சதுர அடி. கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று அங்குலத் தளம், அதற்கு மேல் தட்டு ஓடு. அந்தக் காலத்துச் சென்னை வீடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 2015 டிசம்பர் மழையில் ஹால் மூலையில் முதல்முறையாக ஓதம் தெரிந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் யாராவது வந்து ஓட்டு இடுக்கில் சிமெண்ட் அடைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த ஐப்பசியில் மறுபடி ஒழுகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஃபேன் கம்பி வழியாகவே தண்ணீர் இறங்கியது. அன்றைக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இனி ஒட்டுப்போடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தோம்.

மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டோம். ஒருவர் மேலே வெள்ளையாக ஒரு கோட்டிங் அடித்தால் போதும் என்றார். இன்னொருவர் பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு பதித்துவிடலாம், தூசி இல்லை, சத்தம் இல்லை என்றார். மூன்றாவதாக வந்தவர்தான் இந்த மேஸ்திரி. விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். உள்ளே வெற்றிடம் இருக்கிற ஓடு "டொக் டொக்" என்று வேறு மாதிரி சத்தம் கொடுக்கும். அவற்றிலெல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். முடிக்கும்போது பாதிக்கு மேல் கோடு விழுந்திருந்தது. அப்புறம் கீழே இறங்கி ஒவ்வொரு அறையிலும் சீலிங்கைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த ஜல்லி முப்பது வருஷமா ஈரத்தைக் குடிச்சு வெச்சிருக்கு மேடம். மேல எதைப் போட்டு மூடினாலும் அந்த ஈரம் கீழதான் இறங்கும்" என்றார். பழைய ஓட்டின் மேல் புது ஓடு பதிப்பது பற்றிக் கேட்டபோது பாரத்தைப் பற்றிச் சொன்னார். அன்று இரவு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 900 சதுர அடிக்கு மூன்று அங்குல ஜல்லித் தளம் என்றால் கிட்டத்தட்ட 12 டன் வருகிறது. நனைந்தால் இன்னும் கூடும். ஏற்கெனவே இவ்வளவு சுமக்கிற பழைய தளத்தின் மேல் இன்னொரு அடுக்கு ஓடும் சாந்தும் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் கொடுத்த எஸ்டிமேட் கோடு போட்ட தாளில் கையால் எழுதியது. பெயர்ப்பது, ரப்பிஷ் ஏற்றுவது, தண்ணீர் இறங்காமல் தடுக்கும் கோட்டிங், ஜல்லி சுண்ணாம்பு, ஓடு, பாயிண்டிங் (ஓட்டு இடுக்கை அடைப்பது), கைப்பிடிச் சுவர் பூச்சு என்று வரிவரியாகப் பிரித்து, எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 210 ரூபாய். கடைசி வரியில் "கம்பி வேலை தனி, பெயர்த்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று எழுதியிருந்தார். மற்ற இருவர் கொடுத்த தாளிலும் அப்படி ஒரு வரி இல்லை. நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த வரிதான் காரணம்.

பொங்கல் கழிந்ததும் ஆரம்பித்தார்கள். பெயர்க்கும் வேலைக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கிற உளிச் சத்தம் சாயங்காலம் ஐந்துக்குத்தான் நிற்கும். பிரேக்கர் மெஷின் வைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அதிர்வில் பழைய கான்கிரீட் விரிசல் விடும் என்று மேஸ்திரி அதைத் தொடவே விடவில்லை. கையாலேயே உடைத்தும் கீழே சீலிங் பூச்சு துகள் துகளாக உதிர்ந்தது. ஃபேனைப் போட்டால் தூசி வீடு முழுக்கப் பறக்கும். சாமி அலமாரி, டிவி, புத்தகம் எல்லாவற்றையும் பழைய பெட்ஷீட்டால் மூடி வைத்தோம். அம்மாவுக்கு 78 வயது, ஆஸ்துமா வேறு. மடிப்பாக்கத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிற வீடு என்றால் இதைத்தான் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும். மேலே இருக்கிற சின்டெக்ஸ் தொட்டி, டிஷ், துணிக்கொடி, பூந்தொட்டிகள் எல்லாம் இடம் மாறும். தொட்டியை நகர்த்துகிற நாளில் குழாயில் தண்ணீர் வராது. பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சத்தமும் தூசியும் அவர்களுக்கும்தான்.

ரப்பிஷ் விஷயத்தில்தான் கோபம் வந்தது. உடைத்ததையெல்லாம் மாடியின் நடுவில் ஒரே குவியலாகக் குவித்தார்கள். அத்தனை பாரத்தையும் ஒரே இடத்தில் ஏற்றக் கூடாது, சுவர் ஓரமாகப் பரப்புங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் பரப்பினார்கள். அப்புறம் சாக்கில் கட்டிக் கப்பியில் இறக்கித் தெருவோரம் அடுக்கினார்கள். குட்டி யானை வண்டிக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். எதிர்வீட்டுக் கார் வெளியே எடுக்க முடியாமல் நின்றது. கட்டடக் கழிவைத் தெருவில் விட்டால் மாநகராட்சி அபராதம் போடும், பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தான். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு நானே அழைத்துவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் மேஸ்திரி வேறு வண்டி பிடித்தார். ஒரு நட்சத்திரம் இங்கேதான் போயிற்று. நீங்கள் வேலை கொடுக்கும்போது வண்டி எந்த நாள் வரும், எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய தளம் போனதும் சமையலறைக்கு மேலே கான்கிரீட் கறுத்திருந்தது. அதற்கு நேர் கீழே சீலிங்கைத் தட்டியதும் பூச்சு பலகை பலகையாக விழுந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்ல முடியாது, பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து உப்பியிருந்தது. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்துக் கழன்று விழுகிறது. எங்கள் பக்கம் உப்புக் காற்று வேறு. மேலே ஒழுகுவதை மட்டும் அடைத்துவிட்டு இதை அப்படியே பூசி மறைத்திருந்தால் ஒரு நாள் யார் தலையிலாவது விழுந்திருக்கும்.

இந்த இடத்தில் மேஸ்திரி நடந்துகொண்ட விதத்தை மறக்க மாட்டேன். "இது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு நான் சொல்றது சரி வராது, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க" என்று வேலையை நிறுத்திவிட்டார். இன்ஜினியர் வந்து எல்லா அறைகளையும் பார்த்து, பாதிப்பு சமையலறைப் பகுதியோடு நிற்கிறது என்றார். அவர் எழுதிக் கொடுத்தபடியே செய்தார்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்தார்கள், ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துத் துருநீக்கி போட்டு ஜிங்க் பிரைமர் அடித்தார்கள். ரொம்ப இளைத்துப்போன கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, அதன் மேல் பாலிமர் சாந்து வைத்தார்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் மூடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இதற்கு மட்டும் கூடுதலாக 38,000 ரூபாய். பணத்தை ஒதுக்கும்போது இப்படி ஒரு செலவு வரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், முப்பது வருஷத்துக்கு மேலான வீடு என்றால் கண்டிப்பாக.

அடுத்து கோட்டிங். ஒரு கை நீளவாக்கில், அது காய்ந்ததும் இன்னொரு கை குறுக்குவாக்கில் அடித்தார்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையை வளைவாகப் பூசி, சுவரிலும் ஓர் அடி உயரத்துக்குக் கோட்டிங்கை ஏற்றினார்கள். அந்த மூலையில்தான் பெரும்பாலான மாடிகள் ஒழுகும். காய்ந்ததும் குழாய் வாய்களை அடைத்து, பாத்தி கட்டி, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க லாரித் தண்ணீர் வாங்கி நிறுத்தினார்கள். 900 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் என்றால் நாலாயிரம் லிட்டருக்கு மேல் ஆகும். செலவாகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் நாள் காலை பாத்ரூம் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஈர வட்டம் தெரிந்தது. மழைநீர்க் குழாய் தளத்துக்குள் நுழைகிற இடத்தில் இடைவெளி. தண்ணீரை வடித்து, குழாயைச் சுற்றிக் கொத்தி அடைத்து, மறுபடி கோட்டிங் அடித்து, மறுபடி தண்ணீர் நிறுத்தினார். முகம் சுளிக்கவில்லை, தனிக் கூலியும் கேட்கவில்லை. ஓடு பதித்த பிறகு இது தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

வாட்டம் பார்ப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துக் கைப்பிடிச் சுவரில் சுற்றிலும் குறி போட்டு, நூல் கட்டி, பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் வைத்தார். பழைய குழாய் வாய் ஓட்டு மட்டத்தைவிட மேலே இருந்ததால்தான் இத்தனை வருஷமும் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதைக் கீழே இறக்கி நாலு அங்குலக் குழாய் போட்டார். 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழிக்கே அதை இணைத்தாயிற்று.

ஜல்லி போட்ட நாட்களை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய பேர் இப்போது சுண்ணாம்பை விட்டுவிட்டு சிமெண்டில் கலந்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். சிமெண்டைவிட சுண்ணாம்புக்கு நெகிழ்வு அதிகம், கத்திரி வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதைத் தாங்கும் என்பது மேஸ்திரி கட்சி, எனக்கும் அது சரியாகவே பட்டது. போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு, கலவைக்கு ஆகாது என்று அதற்கும் லாரித் தண்ணீர்தான். நீற்றிய சுண்ணாம்போடு நனைத்த செங்கல் ஜல்லியைக் கலந்து பரப்பியதும், வயதான இரண்டு சித்தாள் அம்மாக்கள் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். தட்டத் தட்டச் சுண்ணாம்புப் பால் மேலே கசிந்து வந்தது. "கட்டை துள்ளித் திரும்பணும் கண்ணு, அதுவரைக்கும் தட்டணும்" என்றார் ஒருவர். என் கையில் கட்டையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். காலையில் தட்டிய இடத்தில் கட்டை துள்ளியது, அப்போதுதான் போட்ட இடத்தில் புதைந்தது. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்களுக்கு நல்ல கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

ஓடு பதிப்பது சீக்கிரம் முடிந்தது. ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் பதிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பாயிண்டிங் முடிந்த பிறகு சாக்கு விரித்துக் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது நம் பொறுப்பு.

தை கடைசிக்குள் முடித்துவிடுவேன் என்றவர் பங்குனியில்தான் முடித்தார். நடுவில் ஊர்த் திருவிழா என்று கொத்தனார்கள் கிளம்பிவிட்டார்கள், அதை இரண்டு நாள் முன்னாலாவது சொல்லியிருக்கலாம். பேசிய தொகையில் பத்து சதவீதத்தை மழை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன், அவரும் ஒத்துக்கொண்டார். ஐப்பசி மழை விடாமல் பெய்தபோது ஹால் சீலிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரம் பாயிண்டிங்கில் மட்டும் மயிரிழை விரிசல் ஒன்று விட்டிருந்தது. சொன்ன இரண்டாம் நாளே வந்து சரிசெய்தார், மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மடிப்பாக்கத்தில் தங்கை வீட்டு மாடியையும் வருகிற தை மாசத்துக்கு இவரிடமே பேசியிருக்கிறோம், ரப்பிஷ் வண்டிக்கு இந்த முறை தேதி எழுதி வாங்கியாகிவிட்டது. ஆடிக்கு மேல் கூப்பிட்டால் புது வேலை எடுக்க மாட்டார், சுண்ணாம்புத் தளம் இறுகுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும் என்பார். கம்பி வேலை நடந்தபோது எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. உங்கள் வீட்டு சீலிங்கும் அப்படி உப்பியிருந்தால் கேளுங்கள், அனுப்புகிறேன்.