பிளேயர் ஷேர் ஆப்பா, டிரீம்11ஆ, எஃப்பிஎல்லா: ஜெயிச்சா சல்லி யாரு தர்றா?

நம்ம பயலுக குரூப்ல கொஞ்ச நாளா இதே பேச்சுதான், பிளேயர ஷேர் மாதிரி வாங்கி விக்கிற ஆப் இருக்காம், நம்ம இலங்கை கிரிக்கெட் பேட்டர் பத்தும் நிசங்கவ இப்ப வாங்கிப் போட்டா ரெண்டு செஞ்சுரி அடிச்சதும் வெல ஏறிருமாம்னு ஒருத்தன் சொல்றான், இன்னொருத்தன் அதுக்கு டிரீம்11 மேல்ங்குறான், எஃப்பிஎல் (ஃபேன்டஸி பிரீமியர் லீக்) ஆடுறவன் ரெண்டு பேரையும் பாத்து சிரிக்கிறான். மூணும் ஒரே சாதி கேம்னு நெனச்சுத்தான் சண்ட போடுறாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், நீங்க ஜெயிச்சா அந்தச் சல்லி யாரு பையில இருந்து வருது?

எஃப்பிஎல்ல இந்தக் கேள்வியே வராது, ஏன்னா சல்லியே கெடையாது. இங்கிலாந்து பிரீமியர் லீக் ஃபுட்போல் காரங்களே நடத்துற ஓசி கேம், 2002ல இருந்து ஓடுது, நெசமான பிளேயர்கள வச்சு டீம் போடணும், அவங்க ஆடுறதப் பொறுத்து நமக்குப் பொயிண்ட். 100 மில்லியன் பவுண்ட்னு ஒரு கணக்கு குடுப்பாங்க, அதுக்குள்ள 15 பேர், ஒரு கிளப்ல இருந்து மூணு பேருக்கு மேல எடுக்க ஏலாது. ஆனா நெறைய பேருக்கு தெரியாத விசயம், இதுக்குள்ளயும் ஒரு குட்டி ஷேர் மார்க்கெட் ஓடுது: ஒரு பிளேயர நெறைய பேர் வாங்குனா ராத்திரியோட ராத்திரியா வெல 0.1 ஏறும், வித்துட்டு ஓடுனா எறங்கும். 5.0க்கு வாங்குனவன் 5.3 ஆயிட்டான்னு வைங்க, விக்கும்போது கைக்கு வர்றது 5.1தான், லாபத்துல பாதிக்கு மேல அங்கேயே போயிரும். இத கணக்குப் பண்ணி வெல ஏறுறதுக்கு முன்னாடியே ஆள தூக்குறதுக்குன்னே ராத்திரி முழுக்க முழிச்சு கெடக்குற ஆளுக இருக்காங்க, அந்த மில்லியன வச்சு ஹட்டன் டவுன்ல ஒரு பிளேன்டீ குடிக்க ஏலாது, அது வேற கத. நமக்கு இருக்க ஒரே தொல்ல டெட்லைன். மொத மேட்ச்சுக்கு 90 நிமிசம் முன்னாடி பூட்டிருவாங்க, சனிக்கெழம அங்க பகல் 12.30 மேட்ச்னா அவங்க குளிர் காலத்துல நமக்கு பின்னேரம் 4.30, சரியா மழ கொட்டுற நேரம், சிக்னல் ஒரு கோட்டுல நிக்கும், கேப்டன மாத்துறதுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். அதனால வெள்ளிக்கெழம ராத்திரியே டீம போட்டு வச்சுருங்க.

டிரீம்11 வேற மாதிரி, கிரிக்கெட்டுக்குப் பேர் போன இந்திய ஆப். ஒரே மேட்ச், 11 பேர், அவங்கள எடுக்க 100 கிரெடிட், கேப்டனுக்கு ரெண்டு மடங்கு பொயிண்ட், வைஸ் கேப்டனுக்கு ஒண்ணரை. எல்லாரும் என்ட்ரி காசு கட்டுனாங்க, கம்பனி தன்னோட பங்க எடுத்துக்கிட்டு மிச்சத்த ஜெயிச்சவனுக்கு குடுத்துச்சு. அதாவது தோத்தவன் சல்லிதான் ஜெயிச்சவனுக்கு. நல்லதோ கெட்டதோ, கணக்கு மேட்ச் முடிஞ்ச அன்னைக்கே முடிஞ்சுச்சு, நாளைக்கு வெல விழுமோன்னு பயந்துக்கிட்டு தூங்க வேண்டியிருக்கல்ல. ஆனா ஜெயிச்ச காச எடுக்க இந்திய பேன் கார்டும் (வருமான வரி கார்ட்) இந்திய பேங்க் கணக்கும் வேண்டியிருந்துச்சு, இந்தியாவுல கூடலூர் கோத்தகிரி பக்கம் போய் செட்டில் ஆன சொந்தக்காரங்க ஆடுனாங்க, நமக்கு அந்தக் கதவு அப்பவே பூட்டுத்தான். இப்ப அவங்களுக்கும் பூட்டு. 2025 ஆகஸ்ட்ல இந்தியா ஒன்லைன் கேமிங் சட்டம் கொண்டு வந்து காசு கட்டி ஆடுறத தடை பண்ணிருச்சு, டிரீம்11உம் காசு போட்டிகள நிப்பாட்டிட்டு இந்திய டீம் ஜெர்சி ஸ்பொன்சர்ல இருந்தும் வெலகிருச்சு. இதுக்கு அப்புறமும் "டிரீம்11 ஐடி எடுத்துத் தர்றேன், சல்லி போடு"ன்னு எவனாவது மெசேஜ் பண்ணா பதில் போடாம பிளொக் பண்ணுங்க.

சரி, பிளேயர் ஷேர். இதுலதான் ஆச கூட வருது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். இந்த மாதிரி கேம்கள்ல பெருசா வளந்தது இங்கிலாந்துல 2015ல தொடங்குன ஃபுட்போல் இன்டெக்ஸ். ஒரு ஃபுட்போல் பிளேயரோட "ஷேர்" வாங்கலாம், அவன் நல்லா ஆடுனா டிவிடென்ட் (ஷேர் வச்சிருக்கவனுக்கு குடுக்குற பங்குக் காசு), பேப்பர்ல அவன் பேர் அடிபட்டாலும் டிவிடென்ட், போல் பொக்பா மாதிரி ஆளு காயத்துல படுத்துக் கெடந்தாலும் நியூஸ்ல இருந்தா போதும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சட்டப்படி அது ஷேர் இல்ல, மூணு வருசம் ஓடுற ஒரு பந்தயம். பொக்பாவோட சம்பளத்துல ஒரு சதம் உங்களுக்கு வராது, கிளப் அவன வேற கிளப்புக்கு வித்தாலும் வராது. அப்ப டிவிடென்ட் எங்க இருந்து வந்துச்சு? கம்பனி புதுசு புதுசா ஷேர் அடிச்சு விக்கிறதுல வர்ற காசு, விக்கும்போது வெட்டுற 2 வீதம் கமிஷன், இதுல இருந்துதான். புதுசா ஆள் சேந்துக்கிட்டே இருக்க வரைக்கும் எல்லாரும் ஜெயிச்ச மாதிரியே தெரியும், லயத்துல சீட்டுப் பிடிச்ச அக்காமாருக்கு இத வெளங்கப்படுத்தவே தேவல்ல.

மொதல்ல விக்கணும்னா கம்பனியே உடனே வாங்கிக்கும்னு ஒரு பட்டன் இருந்துச்சு, 2020ல அத மாத்தி, வாங்குறவன் ஒருத்தன் இருந்தாத்தான் விக்கலாம்னு கொண்டு வந்தாங்க. அது சின்ன மாத்தம் மாதிரி தெரியும், ஆனா உயிர் அதுலதான் இருக்கு. 2021 மார்ச் 5ஆம் தேதி அதிகபட்ச டிவிடென்ட 14 பென்ஸ்ல இருந்து 3 பென்ஸுக்கு எறக்குறோம்னு அறிவிச்சாங்க, எல்லாரும் விக்க ஓடுனாங்க, வாங்க ஒருத்தனும் இல்ல. மார்ச் 11ஆம் தேதி பிரிட்டன் சூதாட்ட ஆணையம் லைசன்ஸ நிப்பாட்டிருச்சு, அதோட கத முடிஞ்சுது. லைசன்ஸ் இருந்துச்சு, நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் ஜெர்சில பேர் இருந்துச்சு, இன்னும் என்ன கேப்பீங்க? இதுல இன்னொரு கொடும, அந்த ஆணையத்துக்கு 2020 ஜனவரிலயே இந்தக் கம்பனியப் பத்தி எச்சரிக்க போயிருக்கு.

இதுக்குப் பக்கத்து வீடு சொராரே, 2018ல பிரான்ஸ்ல தொடங்குனது. ஷேருக்குப் பதிலா டிஜிட்டல் பிளேயர் கார்ட், ஒரு சீசனுக்கு ஒரு பிளேயருக்கு யுனிக் கார்ட் ஒண்ணுதான், ரெயர் 100, லிமிடெட் 1000. எண்ணிக்க வரம்பு இருக்கதால நெனச்ச மாதிரி அடிச்சுத் தள்ள ஏலாது, அது ஒரு நல்ல விசயம். ஆனா இதுலயும் உங்க கார்ட வாங்க இன்னொருத்தன் வரணும். அந்தக் கார்ட கிரிப்டோ (டிஜிட்டல் காசு) வழியா வாங்கலாம்னு பாத்தா நம்ம மத்திய வங்கி 2021ல இருந்தே பேங்க் கார்ட்ல கிரிப்டோ வாங்க விடுறதில்ல.

"அப்ப கொழும்பு ஷேர் மார்க்கெட்டும் இதே மாதிரிதானே"ன்னு ஒரு தம்பி கேட்டான். வெல ஏறி எறங்குறது ஒண்ணுதான், உள்ள இருக்கது வேற. தலவாக்கல டீ எஸ்டேட்ஸ் கம்பனி அங்க லிஸ்ட்ல இருக்கு, அதோட பங்கு வாங்குனா நம்ம ஆளுக பறிச்ச கொழுந்து தூளாகி கொழும்பு ஏலத்துல வித்து வர்ற லாபத்துல ஒரு துண்டு டிவிடென்டா வரும், நட்டம்னா வராது. 2021ல 1,000 ரூபாவா இருந்த நாள் சம்பளம் 1,350 ஆக 2024 வரைக்கும் இழுத்தடிச்ச கம்பனிகளோட பங்க வாங்கலாமாங்கறது உங்க மனசாட்சி, நான் அதுக்குள்ள வரல்ல. ஆனா வாங்க ஆள் இல்லாட்டியும் பின்னாடி தோட்டம், ஃபெக்டரி, விக்கிற தேயில இருக்கு. பிளேயர் ஷேருக்குப் பின்னாடி அந்த ஆப்தான் இருக்கு.

என்னோட வரிசை இதுதான்: விளையாடணும்னா எஃப்பிஎல், சல்லி போடணும்னா புரோக்கர் மூலமா சிடிஎஸ் கணக்கு (கொழும்பு மார்க்கெட் பங்கு வச்சிருக்க தெறக்குற கணக்கு), கார்ட் சேக்குற ஆச இருந்தா சொராரேயோட ஓசி பகுதி. எவனாவது புது பிளேயர் ஷேர் ஆப் லிங்க் அனுப்புனா, வாங்குற பட்டன பாக்க வேணாம், விக்கிற பட்டன அமுக்குனா யாரு வாங்குறான்னு அவன்கிட்டயே கேட்டுப் பாருங்க.