செயினுக்கு எந்த எண்ணெய்? வேஸ்ட் ஆயில், நைன்ட்டி, கிரீஸ், ஸ்ப்ரே: ஓர் அலசல்

சர்வீஸ் முடிந்து பைக்கை எடுத்து வந்த மறுநாள் பின்சக்கர ரிம்மிலும் நம்பர் பிளேட்டிலும் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தால், செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். எந்த எண்ணெய் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். வேஸ்ட் ஆயிலே போதும் என்பார் தெருமுனை மெக்கானிக். லடாக் போய் வந்த நண்பர் ஸ்ப்ரேயைத் தவிர எதையும் தொடாதே என்பார். பழைய புல்லட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும் பெரியப்பாவைக் கேட்டால், செயினைக் கழற்றிச் சூடான கிரீஸில் ஊறவைத்த கதையைச் சொல்வார். மூன்று பேரும் பேசுவது மூன்று வேறு செயின்களைப் பற்றி என்பதுதான் இதில் வேடிக்கை.

அதனால் எண்ணெய்க் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது என்ன செயின் என்று பார்த்துவிடுங்கள். செயினில் முக்கியமான தேய்மானம் வெளியே தெரிகிற இடத்தில் நடப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (சின்ன இரும்புத் தண்டு), அதைச் சுற்றி ஒரு புஷ் (குழல்), அதன்மேல் உருளும் ஒரு ரோலர். ஸ்ப்ராக்கெட்டில், அதாவது பல்சக்கரத்தில், ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னும் புஷ்ஷும் உரசிக்கொள்கின்றன. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது; அடிப்படை இன்றும் அதேதான். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. நூற்றுச் சொச்சம் கண்ணிகளில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்த தேய்மானமெல்லாம் ஒன்றுசேர்ந்து அப்படித் தெரிகிறது.

சாதா செயினில் அந்தப் பின் வரைக்கும் எண்ணெய் போய்ச் சேர வேண்டும். ஓ-ரிங் செயினில் அந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை வைத்து, தகடுகளுக்கிடையே சின்ன ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். நாம் வெளியிலிருந்து ஊற்றுவது எதுவும் உள்ளே போகாது, போகவும் கூடாது. நம் எண்ணெய்க்கு அங்கே மூன்றே வேலை: ரப்பர் காயாமல் பார்த்துக்கொள்வது, ரோலர் பல்லில் உட்காரும் இடத்தில் உரசலைக் குறைப்பது, துரு பிடிக்காமல் காப்பது. டார்ச் அடித்துத் தகடுகளின் இடுக்கில் பார்த்தால் கறுப்பு வளையம் தெரியும். தெரியாவிட்டால் சாதா செயின். ஸ்ப்ளெண்டர் மாதிரி முழுக் கவர் போட்ட 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் சாதா செயின்தான். திறந்த செயினோடு வரும் பெரிய வண்டிகளில் பெரும்பாலும் ஓ-ரிங் இருக்கும்.

இனி போட்டியாளர்கள். முதலில் வேஸ்ட் ஆயில், அதாவது இன்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெய். தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் இதை நிரப்பி வைத்திருக்காத பட்டறை நம் ஊரில் அபூர்வம். காசு இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதன் சிறப்பு அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இன்ஜினுக்குள் வெந்து, கரியும் நுண்ணிய இரும்புத் துகளும் எரியாத பெட்ரோலும் கலந்து வந்த எண்ணெய் அது. இன்ஜினுக்கே ஆகாது என்றுதானே வடித்தோம்? சாதா செயினில் அந்தத் துகள் நேராகப் பின்னுக்குள் போகும். நீர்த்துப்போயிருப்பதால் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே பாதி தெறித்துவிடும். ரிம்மில் பார்த்த பொட்டெல்லாம் அதுதான். வறண்டு கிறீச்சிடும் செயினோடு ஓட்டுவதைவிட இது மேல், அவ்வளவுதான் சொல்லலாம். வேறு எதுவும் கிடைக்காத ஊரில் அவசரத்துக்கு விட்டுக்கொள்ளலாம்.

புது இன்ஜின் ஆயில் இதிலிருந்து முற்றிலும் வேறு விஷயம். ஆயில் மாற்றும்போது டப்பாவின் அடியில் மிஞ்சுகிறதே, அதைச் செயினுக்குப் போடுவதில் தப்பே இல்லை. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கியர் ஆயில் 90 (கடைகளில் நைன்ட்டி) என்றதும், 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கொதிக்கும் நீரின் சூட்டில் அளந்தால் 90 கியர் ஆயிலும் 40 அல்லது 50 எண் இன்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

அப்படியென்றால் நைன்ட்டிக்கு ஏன் இவ்வளவு நல்ல பேர்? அதில் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் பொருள்களால்தான். இரண்டு உலோகப் பரப்புகள் கடுமையாக அழுந்தும் இடத்தில் எண்ணெய்ப் படலம் அறுந்தாலும் இவை மெல்லிய காப்பாக நின்றுவிடும். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த அழுகிய நெடியும் அதனால்தான். ஹோண்டா தன் பல வண்டிகளின் கையேட்டிலேயே ஓ-ரிங் செயினுக்கு 80 அல்லது 90 கியர் ஆயில் என்று போட்டிருக்கிறது. லாரி, ஆட்டோ உதிரிபாகக் கடையில் நைன்ட்டி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். என் ஓட்டு இதற்குத்தான்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும்: பொறுமை வேண்டும். ஊற்றக் கூடாது. ஓட்டி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, கீழே ஓடும் செயினின் உள்பக்கத்தில் பழைய டூத் பிரஷ்ஷாலோ பெயின்ட் பிரஷ்ஷாலோ தடவ வேண்டும். உள்பக்கம் தடவினால் ஓட்டும்போது சுழற்சியே எண்ணெயை வெளிப்பக்கம் தள்ளிவிடும். பத்து நிமிஷம் விட்டு, ஒரு பழைய பனியன் துணியால் மேலாக இருப்பதை அழுத்தித் துடைத்துவிடுங்கள். போட்ட எண்ணெயைத் துடைப்பதா என்று புதிதாக ஓட்டுபவர்களுக்கு மனசே வராது. வெளியே பளபளவென்று தெரியும் எண்ணெயால் ஒரு பயனும் இல்லை. ரிம்மிலும் டயரிலும் தெறிக்கப்போவது அதுதான். இரவில் தடவி, காலையில் எடுத்தால் தெறிப்பது பெரிதும் குறையும்.

ஸ்ப்ரே விஷயத்துக்கு வருவோம். இதில் எண்ணெயோ மெழுகோ ஒரு கரைப்பானில் கரைந்திருக்கும். அடிக்கும்போது நீர்த்து இடுக்குகளில் ஓடும். கரைப்பான் ஆவியானதும் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சுத்தமான வேலை. கை கறுக்காது, பையில் போட்டு எடுத்துப் போகலாம், சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியையும் தள்ளித் தள்ளி அடித்துவிடலாம். மூன்றாம் மாடி ஃபிளாட்டில் குடியிருந்து, கார் பார்க்கிங்கின் டைல்ஸ் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் சங்கச் செயலாளர் வந்து நிற்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தூரப் பயணத்துக்கும் இதுவே வசதி. ஆனால் அடித்த கையோடு கிளம்பக் கூடாது. கரைப்பான் ஆவியாக அரைமணி நேரமாவது விட வேண்டும். பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, அடித்து, உடனே நூறில் பறப்பவர்கள் பாதி டப்பாவைச் சாலைக்கு வார்க்கிறார்கள். விலையும் ஒரு விஷயம். ஒரு சின்ன டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நைன்ட்டி வந்துவிடும். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓடும் அலுவலக வண்டிக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

கிரீஸ் பெரியப்பா காலத்தில் சரி. அவர்கள் செயின் லாக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உருகிய கிரீஸில் முழுக்கி எடுத்தார்கள். உருகிய நிலையில் அது பின் வரை போனது. இப்போது பட்டறைகளில் விரலால் அள்ளி வெளியே அப்புகிறார்களே, அது எங்கும் போகாது. வெளியிலேயே நின்று மணலைப் பிடித்துக்கொள்ளும். ஈ.சி.ஆர். பக்கம் கடல்மணல் பறக்கும் சாலையில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு அந்தக் கலவையை விரலில் தேய்த்துப் பாருங்கள்; அம்மியில் அரைக்கிற மாதிரி நறநறக்கும். ஓ-ரிங் செயினைச் சூடான கிரீஸில் போடுவது பற்றிப் பேச்சே வேண்டாம், ரப்பர் போய்விடும்.

டபிள்யூ.டி.-40 செயின் எண்ணெய் இல்லை. தண்ணீரை விரட்டவும் துருவை இளக்கவும் தயாரித்த ஸ்ப்ரே அது. அந்தக் கம்பெனியே செயினுக்கென்று தனியாக ஒன்றை விற்கிறது, அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கவர் போட்ட சாதா செயின்காரர்களை மறந்துவிடவில்லை. உங்கள் கவரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கினால் செயின் தெரியும். அந்த ஓட்டை வழியாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நைன்ட்டியைச் சொட்டுச் சொட்டாக விடலாம். மழையும் மண்ணும் அவ்வளவாக உள்ளே வராது என்பதால் நாள்பட நிற்கும். ஒரே தொல்லை, கவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால் மாதக்கணக்கில் மறந்துவிடுவோம். கவரில் செயின் அடிபட்டுச் 'சளக் சளக்' என்று சத்தம் வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

எதைப் போடுகிறோம் என்பதைவிடப் போடுவதற்கு முன் சுத்தம் செய்தோமா என்பதுதான், ஓ-ரிங் செயினில் குறிப்பாக, ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதிலும் போட்டி உண்டு. மண்ணெண்ணெய்தான் சிறந்தது, ரப்பரைக் கெடுக்காது. ஆனால் இன்றைக்கு அது கிடைப்பது குதிரைக் கொம்பு. டீசல் அடுத்தது, கொஞ்சம் பிசுபிசுப்பு விட்டுப்போகும், துடைத்தால் சரி. பெட்ரோல் மட்டும் வேண்டாம். ரப்பர் ஊதிப்போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், ஓ-ரிங்கைக் கிழித்துவிடும். பல கையேடுகள் சொல்வது 500 கிலோமீட்டருக்கு ஒரு தரம். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நனைந்து வந்த அன்றே துடைத்து ஒரு கை எண்ணெய் காட்ட வேண்டும்.

சில பட்டறைகளில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுற்றும்போது துணியை வைத்துத் துடைப்பார்கள். துணி மாட்டினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கண்ணெதிரில் யாராவது அப்படிச் செய்தால் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

எண்ணெய் போட்ட கையோடு தளர்வையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு நடுவில் தூக்கி இறக்கினால் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும், உங்கள் வண்டிக்கான அளவு ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் தளர்ந்த செயினுக்குத்தான் பயப்படுகிறார்கள். பழகியவர்கள் இறுகிய செயினுக்குப் பயப்படுவார்கள். இரண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் விழுந்தால், இறுகிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கையே இழுக்கும். அந்தச் செலவு செயின் செட் விலையோடு நிற்காது.

செயின் போய்விட்டதா என்று பார்க்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் தெரிந்தால் இனி எந்த எண்ணெயும் உதவாது. மாற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். கோவை எல்.ஜி.பி.யின் ரோலான், முருகப்பா குழுமத்தின் டைமண்ட் என்று நாட்டின் பெரிய செயின் பெயர்கள் இரண்டும் தமிழ்நாட்டுக்காரர்களுடையவை. இவற்றில் ஒரிஜினல் செட் பெரிய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். உங்கள் வண்டியில் இருப்பது ஓ-ரிங் செயின் என்றால், பெட்டியில் ஓ-ரிங் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.